புல்லில் கால் வைக்காத கள்ளன்

என் சின்ன மாமா, அதாவது அம்மாவின் கடைசித் தம்பி, வரைந்த படக்கதையின் நாயகன் ஒரு கள்ளன். ஒற்றைச் செருப்பு, பானை மூடி, போன வருடக் கலண்டர் என்று யாருக்கும் உதவாததைத்தான் திருடுவான். எங்கள் ஊர் முரசுமோட்டைப் பிள்ளைகள் அவனென்றால் உயிரை விட்டார்கள். அவனைப் பற்றிய உள்வீட்டு இரகசியங்கள் எனக்குத்தான் தெரியும். அவனுக்குக் கழுத்தில்லை, ஏனென்றால் மாமாவுக்குக் கழுத்து வரைய வராது. எந்நேரமும் சாரம் கட்டியிருந்தான், ஏனென்றால் காற்சட்டை மடிப்பு மாமாவின் கைக்கு அடங்காது. அவன் மற்றவர்களின் காலடித் தடங்களில் மட்டும் கால் வைத்து நடப்பது ஏன் என்பதுதான் தெரியவில்லை. பிள்ளைகள் அதற்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கறுப்பு மை நிரப்புவது என் வேலை. அந்தப் பதவியால் வகுப்பில் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

ஆறாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மை சிந்தி ஒரு தடம் அழிந்துபோனது. பயத்தில் அந்தக் கறையைப் புல்லாக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கள்ளனின் கால் இப்போது புல்லின் மேல் இருந்தது. மாமா கவனிக்காமல் பரந்தனுக்குக் கொண்டுபோய் நாற்பது பிரதி எடுத்து, வழியிலேயே பாதியைக் கொடுத்துவிட்டும் வந்தார். மிச்சத்தைத் தைக்கும்போதுதான் கண்டார்.

"ஆர் பிள்ளை இதைக் கீறினது?"

"நான்தான் மாமா. மை சிந்திட்டுது."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக அழுதிருப்பேன். உடனே சைக்கிளை எடுத்தார்.

"புல்லுத்தானேயடா, விடன்" என்றா அம்மா.

"இல்லை அக்கா, அவன் அதில கால் வைக்கேலாது."

பின்னேரம் முழுக்கப் வாசல் படலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி என்னை மைப்போத்தலைத் தொட விடமாட்டார் என்றே நினைத்தேன். பொழுதுபட முன், வீடு வீடாகப் பிள்ளைகளிடம் பறித்த புத்தகங்களோடு மாமா வந்தார். மிச்சத்தையும் சேர்த்து ஒவ்வொன்றிலும் புல்லை வெள்ளை பூசி மறைத்து, அந்த இடத்தில் ஒரு தடம் கீறினார். பிறகு பேனையை என்னிடம் நீட்டினார்.

மாமாவுக்கு ஒரு கூட்டாளி இருந்தாராம். போகிற வீடெல்லாம் ஒற்றைச் செருப்பை ஒளித்து வைத்துவிட்டுச் சிரிப்பாராம். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிய முதல் கிழமை, காணி பார்க்கப் போன இடத்தில், முன்னால் போன மாமாவின் தடத்தை விட்டுப் புல்லில் ஓரடி வைத்தாராம். மிதிவெடி. இதெல்லாம் அம்மா பல வருடங்களுக்குப் பிறகு சொன்னது.

அன்றைக்கு எனக்கு விளங்கியது என் வேலை போகவில்லை என்பது மட்டும்தான். அந்தச் சந்தோசத்தில், கோட்டுக்கு வெளியே மை போகாமல், நாற்பது தடங்களையும் கறுப்பாக்கிக் கொடுத்தேன்.