துராக்கோவுக்குப் போன இடியப்பத் தட்டு

மன்னார் குருசுமுத்துவின் மூத்த மகள் பவளராணி, டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் இறைச்சித் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தார். அது மூடப்பட்டபின், ஊருக்கு வெளியே உள்ள சிறிய பறவைப் பூங்காவில் பழம் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே அவர் மனத்தைக் கொள்ளைகொண்டது துராக்கோ என்னும் ஆப்பிரிக்கப் பறவைச் சோடி ஒன்று. பச்சை உடல், சிவந்த கொண்டை. சிறகை விரித்தால் உள்ளே கடுஞ்சிவப்பு. பப்பாசித் துண்டை அவர் கையிலிருந்தே கொத்தித் தின்னும். கென்யா, தன்சானியாக் கரையோரக் காடுகள் சுருங்கிவருவதால், ஐரோப்பியப் பூங்காக்கள் கூடி இந்த இனத்தைப் பெருக்கிவந்தன. இந்தச் சோடியோ நாலு சுள்ளியை ஏனோதானோவென்று அடுக்கிவிட்டு அதன்மேல் முட்டையிட்டது. முந்திய இரண்டு ஆண்டுகளும் முட்டைகள் சுள்ளிகளுக்கிடையே நழுவி விழுந்து உடைந்தன. பூங்கா வைத்த மரப்பெட்டியை அவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

2024 வசந்தத்தில் பொறுப்பாளர் கிர்ஸ்டன் சொன்னார்: "இந்த முறையும் தவறினால் இவற்றை வேறு நாட்டுப் பூங்காவுக்கு அனுப்பிவிடுவார்கள், ராணி."

அந்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தவரின் கை சட்டென்று நின்றது. இடியப்பத் தட்டைத் தூக்கிப் பார்த்தார்: சற்றே குழிந்த பின்னல். நீர் வடியும், முட்டை விழாது.

"என்னப்பா, வெறுந்தட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்? பசிக்குது," என்றார் கணவர் பீற்றர்.

"இது குருவிக்கு."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குக் கடையில வாங்கின பாண் இருக்கு."

கழுவச் சுலபம் என்று முதலில் பிளாஸ்ரிக் தட்டைத்தான் கொண்டுபோய்க் கட்டினார். சுள்ளிகள் வழுக்கி விழுந்தன. பெண் துராக்கோ ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. பவளராணி விடவில்லை. எஸ்பியர்க் நகரத் தமிழ்க் கடையிலிருந்து பிரம்புத் தட்டுகளைத் தருவித்து, கொதிநீரில் அவித்துக் காயவைத்து, மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளை பிரியும் கவட்டில் இறுகக் கட்டினார். மறுநாள் அதன்மேல் சுள்ளிகள் இருந்தன. ஒரு வாரத்தில் இரண்டு முட்டைகள்.

இருபத்துமூன்றாம் நாள் காலை, கிர்ஸ்டன் பழம் நறுக்கும் அறைக்கே ஓடிவந்து, பழச்சாறு ஒழுகிய பவளராணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தட்டின் நடுவே கறுத்த பஞ்சுருண்டையாக ஒரு குஞ்சு. அதனருகே மற்ற முட்டையிலும் விரிசல்.

சோடி ரண்டர்ஸிலேயே தங்கியது. இலையுதிர் காலத்துக்குள் வேறு மூன்று பூங்காக்கள் தட்டுக் கேட்டு எழுதின. மூத்த குஞ்சுக்குப் பெயர் வைக்கும் உரிமையைக் கிர்ஸ்டன் பவளராணியிடமே விட்டார்.

"என்ன பேர் வைச்சனீர்?" என்றார் பீற்றர்.

"பீற்றர். எந்த நேரமும் அதுக்குப் பசி."