மரத்த காலும் மூன்றாம் நிருபமும்

செருப்பு கழன்றது எனக்குத் தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வேதக்கோயிலில் ஆராதனை முடிந்து அறைக்கு வந்து பார்த்தால் ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது. மற்றக் கால் கல்லிலும் மண்ணிலும் வெறுமனே நடந்து வந்திருக்கிறது. பாதத்தில் உணர்ச்சியே இல்லை. உங்களில் யாருக்காவது இப்படிக் கால் மரத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயப்படாதீர்கள். நான் இன்று நடக்கிறேன்.

அப்போது கடல் கடந்து வந்து ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை. மனைவி பிரசவத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்ததால், கிராணிமார் சிலர் சமையல்காரர் வைத்துச் சேர்ந்து வசிக்கும் சம்மரியில் இருந்தேன். அங்கே புழுங்கல் அரிசியை நிறுத்தியது நான்தான். தண்டவாள வேலைக்காரர் தின்கிற அரிசி நமக்கு எதற்கு என்று, நன்றாகத் தீட்டிய வெள்ளைச் சயாம் அரிசி வாங்க வைத்தேன். மற்றவர்கள் இறைச்சியும் பருப்புமாக வெளுத்துக்கட்டுவார்கள். எனக்கு வயிறு சரியில்லை. வெறும் சோறும் ரசமும்தான்.

கோயிலிலும் நான் இதே ஆள்தான். தண்டவாளத்தார் குடும்பங்கள் உட்காரக் கடைசி இரண்டு வாங்குகளை ஒதுக்கியது என் ஏற்பாடு.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் துரை முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த குழி எழும்பவில்லை. என்ன அரிசி என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். காயத்துக்குக் கட்டுப் போடும் யாழ்ப்பாணத்து டிரெஸ்ஸர்தான் விளக்கினார்.

"உது பெரிபெரி. புழுங்கலுக்கு மாறும். இல்லாட்டி ஒருநாள் நெஞ்சு நிண்டு போம்."

பெரிபெரி (தீட்டிய அரிசியையே தின்று நரம்பு கெட்டு, கால் மரத்து வீங்கும் நோய்) தொற்றும் என்று சம்மரியில் எவரோ கிளப்பிவிட்டார். இரண்டே நாளில் எல்லாரும் வேறு வீடு பார்த்துப் போனார்கள், சமையல்காரரும் கூடவே. எழுந்து அடுப்பு மூட்ட எனக்குக் கால் இல்லை. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். பிள்ளை முகத்தைப் பார்க்காமல் போகிறேனே என்று அழுதேன்.

மறுநாள் காலை ஒருவர் தூக்குச்சட்டியோடு வந்து நின்றார்.

"ஐயா, சமையக்காரர் சொன்னாருங்க. புழுங்கக் கஞ்சிங்க. சூட்டோட குடிச்சிருங்க."

"நீர் ஆர்?"

"ஏசடியானுங்க. தண்டவாளத்து வேலைங்க. ஆறு வருசமா நம்ம கோயிலுக்குத்தாங்க வர்றேன்."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று முதல் அவர் மனைவி மரியாள் பொங்கியது இரண்டு வேளையும் வந்தது. தவிட்டையும் வெல்லத்தையும் கலந்து உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள், அதையும் தின்றேன்.

படுக்கையில் யோவானின் மூன்றாம் நிருபத்தை வாசித்தேன். ஒரு பக்கம்கூட வராது. உடம்பு சுகமாயிருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு தொடங்குவதால்தான் எடுத்தேன். அதில் காயு என்பவர் முன்பின் தெரியாதவர்களையும் ஏற்றுக்கொள்கிறார். தியோத்திரேப்பு என்பவர் சபையில் தானே முதலில் நிற்கவேண்டும் என்று யாரையும் அண்ட விடுவதில்லை. முன்பெல்லாம் நான் காயு கட்சி. கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்தபோதுதான் நான் யார் என்று விளங்கியது. அந்தக் காலத்துச் சபைக்கு எழுதியது என்று தள்ளிவிடாதீர்கள். தியோத்திரேப்பு பிரிக்பீல்ட்ஸில் கிராணியாக இருந்தார்.

வீக்கம் முதலில் வடிந்தது. நடை வர மாதங்கள் ஆயின. பொறுத்திருங்கள், வரும்.

கோயிலுக்குத் திரும்பிய ஞாயிறு அந்த நிருபத்தை வாசிக்கப் போதகர் ஐயர் என்னை அழைத்தார். கடைசி வரி, சிநேகிதரைப் பேர்பேராக வாழ்த்தச் சொல்கிறது. பின்வாங்குகளில் எனக்குத் தெரிந்தது இரண்டு பேர்தான். புத்தகத்தை மூடிவிட்டு மெல்லப் பின்னால் நடந்தேன்.

"ஏசடியான், மரியாள்" என்றேன். பக்கத்திலிருந்த பெண்ணிடம், "உங்கட பேர் என்ன?"

"எம் பேராங்க?" அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "சவரியம்மாங்க."

ஒவ்வொருவராகக் கேட்டேன். இரண்டு வாங்கும் முடிவதற்குள் நேரம் போய்விட்டது. முன்வரிசையில் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் அவசரப்படவில்லை.

"ரொம்ப நேரம் நின்னுட்டீங்க ஐயா. கால் வலிக்குதுங்களா?" ஏசடியான் நகர்ந்து இடம் விட்டார்.

வலித்தது. இரண்டு பாதமும் நன்றாக வலித்தன. மரத்த கால் வலிக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.