சூட்டுக்கு ஒரு மீட்டர்

என் முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். 1953, ஐப்பசி மழை விடாமல் பெய்த நாட்கள். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா சொன்னது இரண்டே விஷயம். பஞ்சில் பொதிந்து வைக்க வேண்டும். அறையில் சூடு குறையக் கூடாது. கரிக்கங்கு வைக்கலாமா என்று கேட்டேன். "புகை ஆகாது, அந்த நெஞ்சு தாங்காது" என்றார்.

நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. முன்கட்டில் வீட்டுக்கார அக்காவும் அவள் புருஷனும். இரண்டு கட்டுக்கும் ஒரே மீட்டர்தான். எங்களுக்கு இரண்டு பல்பு, அவர்களுக்கு நாலு. கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு நாங்கள் கொடுத்துவிடுவோம். அதில் ஒருநாளும் பேச்சு வந்ததில்லை.

கீரிப்பாறை எஸ்டேட்டிலிருந்து சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன ஹீட்டர், கணவரோடு வேலை பார்த்தவரிடம் இருந்தது. அதை இரவல் வாங்கி வந்தார். பெரிய செப்புக் கிண்ணத்தைச் சாய்த்து நிறுத்தியது போலிருக்கும், நடுவில் கம்பிச் சுருள். சுவிட்சைப் போட்டதும் சுருள் சிவந்தது. முன்கட்டில் விளக்குகள் மங்கின.

மறுநாள் காலையில் அக்கா வந்தாள். பிள்ளையை எட்டிப் பார்த்தாள்.

"மக்கா, தப்பா நெனைக்காதே. மீட்டர்ல அந்தச் சக்கரம் கறங்குததப் பாத்தா எனக்குப் பயமாட்டு இருக்கு. ஒரு மாசம் இப்பிடி ஓடிச்சுன்னா நீங்க எப்பிடிக் கட்டுவிய?"

"பிள்ளைக்கு வேணுமே அக்கா."

"வேணும், வேணும். நான் வேண்டாம்னா சொல்லுகேன்?"

அன்றே கணவர் கரண்டு ஆபீசுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். விளக்குக்குக் கொடுக்கிற கரண்டுக்கு ஒரு விலை, சூட்டுக்குக் கொடுப்பதற்கு வேறு விலை. சூட்டுக்கு உள்ளது பாதிக்கும் குறைவு. ஆனால் அதற்குத் தனி லைனும் தனி மீட்டரும் வைக்க வேண்டும். விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தார்.

"சீக்கிரம் வந்திரும்னு சொல்லுகான். அதுவரைக்கும் பாத்துப் போட்டுக்கோ" என்றார்.

பாத்துப் போட்டுக்கொண்டேன். அறையின் இரண்டு சன்னல்களிலும் பழைய சமுக்காளத்தைத் தொங்கவிட்டேன். வாசலில் இரட்டைச் சேலை கட்டினேன். சூடு ஏறியதும் அணைத்துவிடுவேன். பிள்ளையின் உள்ளங்காலில் என் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். குளிர்ந்ததுபோல் இருந்தால் மறுபடி போடுவேன். நாள் முழுக்க இதுவே வேலை. பிள்ளையின் முகத்தைப் பார்த்திருந்த நேரத்தைவிட அந்தச் சுவிட்சைப் பார்த்திருந்த நேரம்தான் அதிகம். அக்கா முற்றத்தில் நடமாடும் சத்தம் கேட்டால், ஒருவேளை மீட்டர் பக்கம் போகிறாளோ என்று, கொஞ்சம் முன்னாலேயே அணைத்ததும் உண்டு.

வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள், காலை பத்து மணி இருக்கும், பிள்ளை மூச்சு விடுவதை நிறுத்தினாள். அப்போது ஹீட்டர் எரிந்துகொண்டுதான் இருந்தது. அக்காவின் புருஷன் ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். "நெஞ்சு முற்றவில்லை. சூடு மட்டும் கொடுத்து நிறுத்தக்கூடிய உயிர் இல்லை" என்றார் அவர். நான் தலையாட்டினேன். துணிகளை அக்காதான் துவைத்துப் போட்டாள்.

நாலு நாள் கழித்து, மத்தியானம், ஏணியும் கம்பிச் சுற்றுமாக இரண்டு பேர் வந்தார்கள். அனுமதி வந்துவிட்டதாம். கணவர் வீட்டில்தான் இருந்தார். வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். "அந்தச் சுவர்ல வையுங்க" என்றார். அவர்கள் ஆணி அடித்தார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் அவர்களுக்கு மோர் கொடுத்தேன்.

பழைய மீட்டருக்கான சீட்டு அந்த மாதக் கடைசியில் வந்தது. அக்கா அதை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "வழக்கமா தாரத மட்டும் தாருங்க, போதும்" என்றாள். கணவர் சம்மதிக்கவில்லை. கூடுதலாக ஓடிய யூனிட் முழுவதற்கும் அவரே ஆபீசில் போய்க் கட்டினார். அவர் சம்பளத்தில் கால்வாசி போயிற்று. புது மீட்டரில் ஒரு யூனிட்கூட ஓடவில்லை. ஆனாலும் மாதாமாதம் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று வந்தது. ஆறு மாதம் அதையும் கட்டினார். லைனை வெட்டிவிடச் சொல்லி எழுதிக் கொடுக்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு காரியம் சொல்லணும். நான் சில நேரம் சூடு போதாதுன்னு தெரிஞ்சும் அணைச்சு வச்சிருக்கேன். சக்கரம் ஓடுமேன்னு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ அசந்து உறங்கும்போ நானும் அணைச்சிருக்கேன்" என்றார்.

அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அப்போது அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. காப்பி ஆறிவிட்டது என்றார், சூடாக்கிக் கொடுத்தேன்.

அடுத்த வைகாசி மாதம் அவருக்கு வேலை மாற்றலாகி அஞ்சுகிராமம் பக்கம் குடிபோனோம். நாங்கள் இருந்த தெருவில் அப்போது கரண்டு கிடையாது. இரண்டாவது பிள்ளை அங்கே பிறந்தான், நல்ல வெயில் காலத்தில், நிறைமாதத்தில்.