பெரிய ஃபில்டரும் ஓர் அட்டையும்

சுவிஸின் ஷாஃப்ஹவுசனில் என் பழைய வான் வண்டிக்கு எஞ்சின் ஒயில் மாற்றியபோது, பெரியது நல்லதுதானே என்று பெரிய ஒயில் ஃபில்டரை வாங்கிப் பூட்டினேன். ஊற்றியதோ வழக்கமான நாலு லீற்றர். ஓடிவிட்டு வந்து பார்த்தால் அளவு குறைந்திருந்தது.

ஒழுக்கு என்றே நினைத்தேன். வாகனத் தரிப்பிடத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் வீட்டுக்காரரின் கண்டிப்புக் கடிதம் வரும். வேலை செய்த உணவகத்திலிருந்து பெட்டி பிரித்த பெரிய காகித அட்டையொன்றைக் கொண்டுவந்து வானுக்கு அடியில் விரித்தேன். ஒரு கிழமை குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. எஞ்சின்தான் ஒயிலைக் குடிக்கிறதென்று அதைத் திட்டித் தீர்த்தேன்.

பக்கத்து அறை அண்ணை சிரித்தார். "பெரிய ஃபில்டருக்குக் கூடுதலா ஒயில் வேணுமெல்லோ? அது உள்ளுக்கதான் நிக்குது."

இன்னும் கொஞ்சம் ஊற்றியதும் அளவு சரியானது. அட்டையை மட்டும் நான் எடுக்கவில்லை. இரண்டு வருடமாக முகம் பாராமல் போன கீழ்வீட்டு அம்மா, அதைக் கண்ட நாளிலிருந்துதான், இடத்தை அழுக்காக்காத ஆள் என்று நினைத்தாரோ என்னவோ, எனக்கு வணக்கம் சொல்லத் தொடங்கியிருந்தார்.