பூஜையில் வைத்த இன்ஜினின் மூன்று ஸ்க்ரூ

எங்கள் நைனா பெண்களுக்கு எதிரி இல்லை. வேலைக்குப் போகிறேன் என்று சொல்லும் பெண்ணுக்குத்தான் எதிரி. அந்தப் பெண் நானாக இருந்தது அவர் கஷ்டகாலம்.

கும்மிடிப்பூண்டியில் புதிதாகத் தொழிற்பேட்டை வந்திருந்த எழுபதுகள். ரேடியோவுக்குள் போகும் சின்னச் சின்ன பாகங்களைப் பொருத்தும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. விஜயதசமி நல்ல நாளாம், அன்று காலை முதல் ஷிப்டில் சேரச் சொன்னார்கள். எங்கள் ஊரான ஆரம்பாக்கத்திலிருந்து அந்த நேரத்துக்கு ரயில் கிடையாது. ஆனால் ராணுவத்துக்குப் போன அண்ணன் விட்டுச்சென்ற மோட்டார் சைக்கிள் இருந்தது. சீமையில் செய்த பழைய வண்டி. அவன்தான் எனக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்தான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் போவதைப் பார்த்து, மரை கழண்ட பொண்ணு என்றார்கள் ஊரில். சொன்னவர்கள் பக்கத்தில் வந்ததும் ஹாரனை நன்றாக அழுத்துவேன்.

அந்த வாரம் பார்த்து, குண்டும் குழியுமான பாதையில் இன்ஜின் பக்கமூடியின் மூன்று ஸ்க்ரூக்கள் எங்கேயோ விழுந்துவிட்டன. எண்ணெய் முழுக்க ஒழுகிப்போய், வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நைனாவுக்கு அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம். பக்கத்துக் கழனிக்காரர்கள் நாலு பேர் முன்னாலேயே சொன்னார்.

"வண்டி ஓடுச்சின்னா போ. ஓடலன்னா வேலப் பேச்சே எடுக்கக் கூடாது. தை மாசம் உனக்குக் கண்ணாலம்."

"ஓட்டிக் காட்றேன் நைனா."

மிச்சமிருந்த ஸ்க்ரூவில் ஒன்றைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, மறுநாள் கும்மிடிப்பூண்டிக்கு ரயிலேறினேன். கடைக்காரர் டப்பா டப்பாவாகக் கொட்டிப் பார்த்தார். எதுவும் சேரவில்லை.

"இது பழைய அங்குல மரைம்மா. இப்போ வர்றதெல்லாம் மில்லிமீட்டரு."

மெக்கானிக்கிடம் போனேன். ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரை போடலாம் என்றார். ஆனால் மறுநாள் ஆயுத பூஜை.

"பூஜைக்குன்னு கழுவி வச்ச ஸ்பேனரை எப்டிம்மா தொடறது? எல்லாம் முடிஞ்சி வா."

எல்லாம் முடிந்து வந்தால் என் வேலையும் முடிந்திருக்கும். பேஜாராகி, அழுகையை அடக்கிக்கொண்டு திரும்பினேன்.

ஆயுத பூஜையன்று எங்கள் கழனியில் பெரிய சாமி, தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின்தான். அதற்குச் சாமந்தி மாலை போட்டுப் பொரி கடலை படைப்போம். மண்வெட்டி, கடப்பாரை, ஸ்க்ரூ கழற்றும் திருப்புளி எல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு அதன் முன்னால் கிடக்கும். மறுநாள் காலை திரும்பவும் கற்பூரம் காட்டும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது.

அதே நாலு பேரும் பூஜைக்கு வந்திருந்தார்கள். நைனா கற்பூரம் காட்டினார். நான் கும்பிடாமல் இன்ஜினின் பக்கத்தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் சீமைச் சரக்கு, என் வண்டி காலத்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து என் ஸ்க்ரூவைத் தகட்டிலிருந்த ஸ்க்ரூவின் பக்கத்தில் பிடித்தேன். தலை ஒரே அளவு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊரெல்லாம் தேடிய பொருள் என் அப்பன் கழனியிலேயே குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

திருப்புளியை எடுத்தேன்.

"அய்யய்யோ, சாமி குத்தம்டீ!" என்று அம்மா அலறினாள்.

"இன்னா பண்ற நீ?" என்றார் நைனா.

"கயட்றேன்."

"படைச்ச பொருளு அது!"

"ஆயுதத்துக்குத்தான நைனா பூஜ? அத்த வேலைக்கு எடுத்தா சாமி இன்னாத்துக்குக் கோச்சுக்கும்?"

நைனா கையை ஓங்கினார். நான் நகரவில்லை.

"ஓடுச்சின்னா போன்னு இவங்க முன்னாடிதான சொன்ன? அடிக்கிறதுன்னா வண்டி ஓடலன்னா அடி."

நாலு பேரும் அவரையே பார்த்தார்கள். ஓங்கிய கை இறங்கிவிட்டது.

மூன்று ஸ்க்ரூக்களும் என் வண்டியில் பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததுபோல் போய் உட்கார்ந்தன. எண்ணெய் ஊற்றி உதைத்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. விஜயதசமி காலை, மறு கற்பூரத்துக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டேன். நைனா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

பிறகு ஒரு லேத் பட்டறையில் அதே மரையில் ஸ்க்ரூ கடைந்து கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார். வீம்பு எனக்கு எங்கிருந்து வந்ததென்று நினைக்கிறீர்கள்? நவரைப் பட்டத்து நெல்லுக்குத் தண்ணீர் இறைக்கும்போது, ஒழுகும் தகட்டில் கோணித்துணியை அடைத்துக்கொண்டு அந்த இன்ஜினை அப்படியே ஓட்டினார்.

தை மாதம் சூளூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு வரன் பேச ஒருவர் வந்தார். நான் ஷிப்டில் இருந்தேன், அம்மாதான் சொன்னாள். எண்ணெயில் குளித்திருந்த இன்ஜினைப் பார்த்து, "இன்னாங்க, ஸ்க்ரூவெல்லாம் எங்க?" என்றாராம்.

நைனா கோணித்துணியை இன்னும் அழுத்தி அடைத்தபடியே சொன்னாராம்.

"அதுங்க கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போயிருக்குதுங்க. பொண்ணும் கூடப் போயிருக்கா. ஞாயித்துக்கெயம லீவு. வந்து அவளையே கேளு."