பிரிலூடில் இல்லாத நிறுத்தம்

போன வியாழக்கிழமை, பட்டப்பகல் பதினோரு மணி. துடியலூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் எனக்கு முதுகு சில்லிட்டுப் போச்சு. நான் லேசில் பயப்படுற ஆள் இல்லைன்னு வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும்...

நாலாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லேத் ஓட்டி முன்னுக்கு வந்து, இன்னிக்குச் சொந்தமா மோட்டார் கம்பெனி நடத்துறேன். வாசலில் நின்னு சத்தத்தைக் கேட்டே எந்த மோட்டாரில் பேரிங் போச்சுன்னு சொல்லிப்போடுவேன். இன்ஜினியருங்க கழட்டிப் பார்த்துட்டு, "ஆமாங்க"ம்பாங்க. அப்படிப்பட்ட காது!

அந்தக் காதை நம்பித்தான் அறுபது வயசில் கிட்டார் கத்துக்க இறங்கினேன். வாத்தியார்? எதுக்கு?

கிட்டார், எனக்குப் பழக்கமான துடியலூர் எஸ்தரம்மாவோட வீட்டுக்காரர் வச்சிருந்தது. அவர் காலமாகி ரெண்டு வருஷம். கொடுக்கும்போது அந்தம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "பெட்டிக்குள்ள அவரு வாசிச்ச கேசட் இருக்குதுங்க. அதைக் கத்துக்கிட்டு எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டிப்போடுங்க."

அது பிரிலூடாம், கச்சேரிக்கு முன்னுரை மாதிரி வாசிக்கிற சின்ன உருப்படி. பரோக் காலத்துச் சரக்கு — ஐரோப்பாவில் முந்நூறு வருஷத்துக்கு முந்தி போட்டது. எனக்கு மியூசிக் நோட்டு படிக்கத் தெரியாது. அதனாலென்ன? கேசட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சு எட்டே மாசத்தில் அப்படியே பிடிச்சேன். பாதியில் ஒரு நிறுத்தம் — மனசுக்குள் நாலு எண்ணுற நேரம் — அதையும் சேர்த்து.

வியாழக்கிழமை போய் வாசிச்சேன். எஸ்தரம்மா கண்ணை மூடி உக்காந்திருந்தாங்க. அந்த நிறுத்தம் வந்துச்சு. ஒண்ணு... ரெண்டு...

எழுந்தாங்க. சமையல்கட்டுக்குப் போனாங்க. நாலு எண்ணி முடிச்சேன் — என் கை நகர மாட்டேங்குது! ஒரு டம்ளர் தண்ணியைக் கொண்டுவந்து என் வலது முழங்கால் பக்கம் வச்சாங்க. டம்ளர் தரையில் பட்ட சத்தம் கேட்டதும் கை ஓடுச்சு. நான் ஓட்டலைங்க. தானா ஓடுச்சு.

முடிச்சதும், "ஏனுங்கம்மா, நான் தண்ணி கேக்கலீங்களே?"ன்னேன்.

அப்பத்தான் டம்ளரையே பார்த்தாங்க. "நானுங்களா வச்சேன்?"

டம்ளரைக் கையில் எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் மெதுவா, "அந்த இடத்துல அவருக்கு இருமல் வந்துருமுங்க. தண்ணி வச்சாத்தான் மேல வாசிப்பாரு. கேசட்டுல பதியறப்ப மட்டும் இருமலை அடக்கிட்டு உக்காந்திருந்தாருங்க."

காந்திபுரத்தில் கிட்டார் சொல்லிக் கொடுக்கிற ஒரு மாஸ்டரிடம் ஓடினேன். புத்தகத்தைப் புரட்டிச் சிரிச்சார். "இது நிக்காம ஓடுற பாட்டுங்க ஐயா. நடுவுல எங்கியும் நிறுத்தமே இல்லீங்க."

அப்போ எட்டு மாசமா நான் தாளம்னு எண்ணினது என்ன? ஒரு நோயாளி மூச்சைப் பிடிச்சிருந்த நேரம்!

சரி, நிறுத்தாம வாசிச்சுப் பார்ப்போம்னு உக்காந்தேன். முடியலை. அந்த இடத்தில் கை நிக்குது. நேத்திலிருந்து தொண்டையும் கமறுது... டாக்டர் நெஞ்சில் குழாய் வச்சுப் பார்த்துட்டு, ஒண்ணுமில்லைன்னு ஒரு இருமல் மருந்தை எழுதினார்.

கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துரலாம்னு எஸ்தரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வேண்டாமுங்க. மாசம் ஒருக்கா வந்து வாசிங்க. ஆனா மாஸ்டர் சொல்றாப்புல திருத்திப்போடாதீங்க. நிறுத்தாம வாசிச்சுட்டீங்கன்னா... அவரு முழுசாப் போயிருவாருங்க."

வாரேனுங்கன்னு சொல்லிப்போட்டேன்.

இருமல் மருந்தை மட்டும் இன்னும் வாங்கலை.