கறுத்த ஆப்பிள்

ஜூஸ் கடையில் பழம் நறுக்கிப் பிழைத்தவளுக்கு மின்னலக்கா என்று பெயர். கத்தி அவ்வளவு வேகம். கை நடுங்கத் தொடங்கியதும் முதலாளி, "வீட்ல ரெஸ்ட் எடுங்கக்கா" என்று நாசூக்காக அனுப்பிவிட்டார்.

"கூட யாரும் வரலையா?" என்றார் டாக்டர்.

"நடுக்கந்தான் வந்திருக்கு."

பார்க்கின்சன் நோய் என்றார் அவர். "நறுக்குன ஆப்பிள் காத்து பட்டுக் கறுக்குதுல்ல? அந்த மாதிரி, கையை வேலை வாங்குற மூளை செல்லுங்களை ஆக்ஸிஜனே அரிச்சிடுது. அதுவும் ஒரு காரணம்."

"ஆப்பிளுக்கு எலுமிச்சம்பழம் பிழிவோம். இதுக்கு என்னத்தைப் பிழியறது?"

"அதைத்தாம்மா தேடிட்டிருக்கோம். இப்போதைக்கு நடுக்கத்துக்கு மாத்திரை தரேன்."

"நல்லாத் தேடுங்க" என்று சிடுசிடுத்துவிட்டு வந்தாள்.

கணவன் போனபின் அவள் ஒண்டிக்கட்டை. அன்று சாயங்காலம் வீம்புக்கு ஓர் ஆப்பிளை நறுக்க உட்கார்ந்தாள். கத்தி வழுக்கியது, பழம் உருண்டது. கடைசித் துண்டு விழுந்தபோது முதல் துண்டு கறுத்துப்போயிருந்தது.

கடையில் கறுத்த துண்டை யோசிக்காமல் குப்பைக்கூடையில் வீசுவாள். இன்று அதைக் கையில் எடுத்தாள், கூடையைப் பார்த்தாள். பிறகு அதையே முதலில் தின்றாள்.